நாய்க்குட்டியும் ஓட்டப் பயிற்சியும்

நாலைந்து மாதக் குட்டி துள்ளித் திரிவதைக் கண்டு, அதனைக் காலை ஓட்டத்திற்கு உடனழைத்துச் செல்ல விரும்புவோர் பலர். துள்ளலைக் கண்டு எலும்பும் முற்றிவிட்டதெனக் கொள்ளுதல் தவறு.

குட்டியின் நீண்ட எலும்புகளின் முனையருகே மென்மையான குருத்தெலும்புத் தட்டுகள் உள்ளன. எலும்பு நீள்வது இவற்றினாலேயாகும். வளர்ச்சி முடிந்ததும் இவை இறுகி எலும்பாகிவிடும். அதற்குமுன் இத்தட்டுகள் சேதமுற்றால், கால் வளைந்தோ குறுகியோ போகக்கூடும். சிறிய இனங்களில் இவை ஏறக்குறைய 9 முதல் 12 மாதங்களிலும், லாப்ரடோர் போன்ற பெரிய இனங்களில் 12 முதல் 18 மாதங்களிலும் இறுகும். கிரேட் டேன் போன்ற பேரினங்களுக்கு 2 ஆண்டு வரை செல்லலாம்.

அதுவரை குட்டியைக் கட்டிவைக்க வேண்டுமா? வேண்டியதில்லை. புல்தரையில் விருப்பம்போல் ஓடும் குட்டி, களைத்ததும் தானே படுத்துக்கொள்ளும். கயிற்றிற் கட்டுண்டு கடின வீதியில் ஓடும் குட்டியோ, களைத்தாலும் வளர்ப்பவரை விட்டு நில்லாது. தீங்கு விளைவது இங்கேதான்.

உரிய காலம் வந்தபின் மிருக வைத்தியரிடம் காட்டி, நடையினிடையே ஓரிரு நிமிட ஓட்டத்துடன் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுதல் நன்று. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிப்பதால், வெயிலேறுமுன் ஓடுதல் வேண்டும். நொண்டினால் உடனே நிறுத்துதல் வேண்டும். இன்று பொறுத்திருப்போர்க்குப் பல்லாண்டுத் துணை வாய்க்கும்.