உங்களுக்குத் தெரியுமா? ஒரே ‘போர்ட்’, எத்தனை பொருள்!

ராயபுரம், திருவொற்றியூர்க்காரர்களுக்கு ‘போர்ட்’ என்றால் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இடம். (பேச்சில் ‘ஹார்பர்’ என்றுதான் சொல்வார்கள், அது வேறு கதை.) உள்ளே நிற்கும் கப்பலில் ஏறிவிட்டால் பொருள் மாறிவிடும். முன்பக்கம் பார்த்து நின்றால் இடப்பக்கம் ‘போர்ட்’, வலப்பக்கம் ‘ஸ்டார்போர்டு’.

முன்பெல்லாம் இடப்பக்கத்தை ‘லார்போர்டு’ என்றார்கள். புயல் காற்றில் மாலுமி கத்தியது லார்போர்டா, ஸ்டார்போர்டா? சுக்கான் பிடித்தவர் பாடு திண்டாட்டம். 1844-இல் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை, ‘போர்ட்’ என்றே சொல்லுங்கள் என்று உத்தரவிட்டது. பழங்காலக் கப்பல்களில் திசைதிருப்பும் துடுப்பு வலப்பக்கம் இருந்தது. அது இடிபடாமலிருக்க இடப்பக்கத்தைத்தான் கரையோடு ஒட்டி நிறுத்துவார்கள். பெயர்ப் பொருத்தம் அப்படி.

இரவில் காசிமேட்டுக் கரையிலிருந்து கடலைப் பாருங்கள். நகரும் கப்பலின் பக்கவாட்டில் சிவப்பு விளக்கு தெரிந்தால், நீங்கள் பார்ப்பது அதன் போர்ட் பக்கம். பச்சை என்றால் ஸ்டார்போர்டு.

போர்ட் ஒயினுக்குப் பெயர் தந்தது போர்ச்சுகலின் போர்ட்டோ நகரம். கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. போர்ட்டுக்கு வேர், வாசலைக் குறிக்கும் லத்தீன் சொல். செல்போன் எண்ணை வேறு கம்பெனிக்கு ‘போர்ட்’ செய்கிறோமே, 2011 முதல் நாடு முழுக்க, அதன் வேர் சுமந்து செல்வதைக் குறிக்கும் இன்னொரு லத்தீன் சொல். ரயில்வே போர்ட்டருக்கும், எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் கார்களைக் கப்பலேற்றும் எக்ஸ்போர்ட்டுக்கும் அதுவேதான்.