இலத்தீன் அகன்றுவிட்டதா?

கத்தோலிக்கர் வழிபாட்டிலிருந்து இலத்தீன் மொழி அடியோடு நீக்கப்பட்டுவிட்டது என்பது பரவலாக நிலவும் எண்ணம். அது சரியன்று. 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், இலத்தீன் காக்கப்படல் வேண்டும் என்றே விதித்தது. மக்கள் மொழிக்கு மேலும் இடம் தரலாம் என்றும் அதனுடன் இசைந்தது. நடைமுறையில் பிந்திய விதி முந்தியதை விழுங்கிவிட்டது. இதனால் கரோல் பாக் போன்ற இடங்களில் வாழும் தமிழருக்கு விளைந்தது யாது என்பதைச் சிறிது காண்போம்.

உரோமையில் கிறிஸ்தவர் முதலில் வழிபட்டது கிரேக்க மொழியில். மக்கள் பேசுவது இலத்தீன் என்ற காரணத்தாலேயே 4ஆம் நூற்றாண்டளவில் அம்மொழி பீடமேறிற்று. காலப்போக்கில் பேச்சுமொழி இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானியம் எனப் பிரிந்து சென்றது. வழிபாடு மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. கோவிலில் பொருளறியாது வடமொழி மந்திரம் கேட்கும் நம்மவர்க்கு இந்நிலை புதிதன்று.

தமிழ்நாட்டிலும் குரு பீடத்தை நோக்கி நின்று மெல்லிய குரலில் இலத்தீனில் பூசை செய்வார். மக்கள் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பர். ஆயினும் தமிழ் வாயிலுக்கு வெளியே நிற்கவில்லை. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. 1606இல் மதுரை வந்த நொபிலி அடிகளும், பின்னர் வந்த வீரமாமுனிவரும் தமிழில் நூல்கள் இயற்றினர். செபம், பாட்டு, பிரசங்கம் யாவும் தமிழே; பூசை ஒன்றே இலத்தீன். சங்கத்தின் பின் அத்தடையும் நீங்கிற்று. பூசை திருப்பலியாயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று, போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற 'இஸ்பிரீத்து சாந்து' தூய ஆவியாயிற்று. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் இராயப்பரும் சின்னப்பரும் அருளப்பரும் பேதுரு, பவுல், யோவான் ஆயினர். நல்ல தமிழ்ப் பெயர்களை ஏன் இழந்தோம் என்று கேட்கும் முதியோரின் குறை நமக்கும் உண்டு.

பீடத்தில் அரிதாகிவிட்ட இலத்தீன், மொழிபெயர்ப்பாளரின் மேசையில் உயிரோடிருக்கிறது. 1969இல் ஆறாம் பவுல் பாப்பரசர் அறிவித்த புதிய திருப்பலி நூலின் மூலம் இலத்தீனே. சட்ட மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் மூலப் பிரதியைப் புரட்டுவதுபோல, இங்கும் அதனையே நாட வேண்டும். 1973ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பில், குருவின் வாழ்த்துக்கு மக்கள் கூறும் மறுமொழியில் 'ஆவி' என்னும் சொல் விடப்பட்டிருந்தது. மூலத்தில் அது உண்டு. 2011ஆம் ஆண்டுப் பதிப்பில் அதனைத் திரும்பச் சேர்த்தனர். நாற்பதாண்டுக் காலப் பழக்கத்தை ஒரு சொல்லுக்காக மாற்ற வேண்டியதாயிற்று.

இனித் தில்லிக்கு வருவோம். மக்கள் மொழி என்றால் எந்த மக்களின் மொழி? 1950களில் திருச்சியிலிருந்து அரசுப் பணிக்கு வந்து கரோல் பாக்கில் குடியேறிய ஒரு கத்தோலிக்கர், ஊரில் கேட்ட அதே பூசையைத் தலைநகரிலும் கேட்டார். பொருள் விளங்கவில்லை, ஆனால் அந்த விளங்காமை பஞ்சாபியருக்கும் தமிழருக்கும் சரிசமமாகப் பங்கிடப்பட்டிருந்தது. இலத்தீன் விலகியதும் அவ்விடத்தில் இந்தியும் ஆங்கிலமும் அமர்ந்தன. ஊரிலிருந்த உறவினர்க்குத் தாய்மொழியைக் கொடுத்த அதே சீர்திருத்தம், இவரைத் தம் கோவிலிலேயே விருந்தினராக்கிற்று.

மலையாளிகளின் நிலை வேறு. சீரோ மலபார் சபையினர்க்குச் சிரியாக் மொழிவழி வந்த தனி வழிபாட்டு முறை உண்டு. 1962இல் அது மலையாளத்திற்கு மாறிற்று. 2012இல் தில்லியையும் உள்ளடக்கி ஃபரிதாபாதில் அவர்களுக்கென மறைமாவட்டம் அமைந்தது. தமிழ்க் கத்தோலிக்கரோ பெரும்பாலும் 'இலத்தீன் முறை'யினர். பெயரில்தான் இலத்தீன்! மொழிக்கென அவர்களுக்குத் தனி மறைமாவட்டம் இல்லை. தமிழில் திருப்பலி வேண்டுமாயின் தமிழறிந்த குரு வேண்டும், கோவிலில் ஒழிந்த நேரம் வேண்டும், பேருந்தேறி வர மக்களும் வேண்டும். வீட்டிலோ பாட்டி ஒரு மொழியில் செபிக்க, இங்கே பிறந்த பேரன் அதே செபத்தை வேறு மொழியில் சொல்கிறான். இருவரும் சேர்ந்து சொல்ல ஒரு மொழி இல்லை.

இத்தகைய நிலையை உரோமை எண்ணாமல் இல்லை. பல நாட்டவர் கூடுமிடத்தில் ஒருமித்துப் பாடுவதற்கென எளிய இலத்தீன் பாடல்களைத் தொகுத்து 1974இல் ஆறாம் பவுல் உலகெங்குமுள்ள ஆயர்களுக்கு ஒரு சிற்றேடு அனுப்பினார். சங்கத்திற்கு முற்பட்ட பழைய முறைப் பூசைக்கு 2007இல் பதினாறாம் ஆசீர்வாதப்பர் தாராளமாக இடமளித்தார். 2021இல் பிரான்சிஸ் அதனைக் கட்டுப்படுத்தினார். இவ்வாதம் பழைய முறையைப் பற்றியது. புதிய முறையை இலத்தீனில் நிறைவேற்ற 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமே இடந்தருகிறது. தமிழரும், கோவாக்காரரும், சோட்டா நாகபுரியிலிருந்து வந்த பழங்குடியினரும் ஒன்றுகூடும் தில்லிக் கோவில்களில் அச்சிற்றேட்டிலிருந்து இரண்டு மூன்று பாடல்களையேனும் பயிற்றுவிக்கலாம் என்பது நம் கருத்து. தமிழ்த் திருப்பலியைக் கேட்டுப் பெறும் முயற்சிக்கு அது தடையாகாது.