கேமரா இருக்கிறது, இருள் எங்கே?

இரவு வானத்தைப் படமெடுக்க எந்தக் கேமரா வாங்கலாம் என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம், எதையும் வாங்க வேண்டாம் என்றே சொல்லிவருகிறேன். அலமாரியில் உறங்கும் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவும், அதனுடன் வந்த 18-55 மி.மீ. லென்ஸும் தாராளமாகப் போதும்.

விண்மீன்களின் ஒளி மங்கலானது; ஆகவே ஷட்டர் பல விநாடிகள் திறந்திருக்க வேண்டும். ஆனால், பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், நேரம் கூடினால் புள்ளிகள் கோடுகளாகிவிடும். இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. 500-ஐ லென்ஸின் குவியத் தொலைவால் வகுத்தால் கிடைப்பதே விநாடிகளின் வரம்பு. சென்சார் சிறியதாக உள்ள கேமராக்களில் குவியத் தொலைவை முதலில் 1.5-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். 18 மி.மீ. லென்ஸுக்கு ஏறத்தாழ 18 விநாடி வரும். இந்தக் கணக்கு சற்றுத் தாராளமானது. நான் 15-ஐத் தாண்டுவதில்லை.

லென்ஸை முழுமையாகத் திறந்து, ஐஎஸ்ஓவை 1600-இல் வைக்கலாம். தானியங்கிக் குவியம் இருளில் தடுமாறும். அதை நிறுத்திவிட்டு, பிரகாசமான விண்மீன் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை வளையத்தைத் திருப்புவதே வழி. டிரைபாட் இல்லையா? மொட்டைமாடிச் சுவரில் அரிசி நிரப்பிய துணிப்பை போதும். விரலின் அதிர்வைத் தவிர்க்க 2 விநாடி டைமர் உதவும்.

மார்கழி முன்னிரவில் கிழக்கே எழும் ஓரியனிலிருந்து தொடங்கலாம். திருவாதிரையின் செம்மையும் ரீஜலின் நீலமும் கண்ணைவிடப் படத்தில் தெளிவாகத் தெரியும்.

எந்தக் கேமராவாலும் ஈடுசெய்ய முடியாதது நகரின் ஒளிமாசு. அங்கு இதே 15 விநாடியில் கிடைப்பது சாம்பல் படிந்த வானமே. இருளைத் தேடித்தான் ஜவ்வாது மலைக் காவலூரில் வானாய்வகம் அமைத்தார் வைணு பாப்பு. இன்று தெருக்களில் பெருகிவரும் வெண்ணிற எல்இடி விளக்குகளில் நீல ஒளி மிகுதி. காற்றில் அதிகம் சிதறுவதும் அதுவே. லடாக்கின் ஹான்லேவை 2022-இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்க முடிந்தபோது, நம் உள்ளாட்சிகள் விளக்குகளுக்கு மேல்மூடி போடுவது இயலாத காரியமன்று. வீணாக வானுக்குச் செல்லும் ஒளிக்கும் மின்கட்டணம் செலுத்துவது நாம்தானே!

அமாவாசைதோறும் அதே மாடியிலிருந்து, அதே அமைப்பில் ஒரு படம் எடுத்துத் தேதியிட்டு வையுங்கள். வார்டு உறுப்பினரிடம் மனுக் கொடுக்கச் செல்லும்போது அவற்றையும் இணைக்கலாம்.