அப்பத்தாவும் அரை எச்.பி. மோட்டாரும்

ஒர்க்‌ஷாப்பில் ஒருநாள் அரை எச்.பி. மோட்டார் ஒன்று உறுமியதே தவிர சுற்றவில்லை. பார்த்தால் கண்டன்சர் வீக். "கண்டுபிடிச்சிட்டேன் சார்!" என்று குதித்தேன். "பேரிங்கைப் பாத்தியாடா?" என்றார் சார். அதுவும் டைட்! ஒன்று மட்டும் என்றால் எப்படியோ தட்டுத்தடுமாறிச் சுற்றியிருக்கும். இரண்டும் சேர்ந்ததால் நின்றுவிட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்கிறீர்களா நண்பர்களே? என் அப்பத்தாவின் மறதிக்கு டாக்டர் முதலில் சொன்ன பெயர் 'அல்சைமர்'. சில மாதம் கழித்து, "செவுத்தோரம் புள்ளைங்க நிக்குது, சோறு வைங்க"ன்னு அப்பத்தா சொல்ல ஆரம்பித்தது. அங்கே யாருமே இல்லை! ஸ்கேனில் சின்னச் சின்ன ரத்தக்குழாய் அடைப்புகளும் தெரிந்தன.

"அப்ப மொதல்ல சொன்னது தப்பா டாக்டர்?" என்றார் அப்பா.

"தப்பில்லைங்க. வயசானவங்க மூளையில பல கோளாறு கலந்துதான் இருக்கும்."

1906-ல் இறந்த ஒரு பெண்மணியின் மூளையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார் ஜெர்மன் டாக்டர் அலாய்ஸ் அல்சைமர். இன்று அமிலாய்டு படிவு, டௌ முடிச்சு என்கிறோமே, அவைதான் அதில் இருந்தன. 'லூயி பாடி' நோயில் வேறொரு புரதம், ஆல்ஃபா-சைநியூக்ளின், நரம்பு செல்லுக்குள் உருண்டையாகச் சேர்கிறது. இல்லாத உருவங்கள் தெரிவது இதில் சகஜம். ரத்தக்குழாய் அடைப்பு மூன்றாவது. புத்தகத்தில் தனித்தனி அத்தியாயம்... மூளைக்கு அத்தியாயம் தெரியுமா?

அமெரிக்கக் கன்னியாஸ்திரீகள் பலர் இறந்தபின் மூளையை ஆராய்ச்சிக்குத் தந்தார்கள். டேவிட் ஸ்னோடன் குழு 1997-ல் வெளியிட்ட முடிவைப் பாருங்கள். பரிசோதித்தது 102 மூளைகள். 61-ல் அல்சைமர் அடையாளம். அந்த 61 பேரிலும், சிறு அடைப்புகளும் சேர்ந்திருந்தவர்களுக்குத்தான் மறதிநோய் அதிகம். அல்சைமர் அடையாளம் இல்லாதவர்களை அதே அடைப்புகள் அவ்வளவாகப் பாதிக்கவில்லை. நம்ம கண்டன்சரும் பேரிங்கும்தான்!

பெயர் எதுவானால் என்ன என்று நானும் நினைத்தேன். அப்படியில்லை. லூயி பாடியும் கலந்திருந்தால், மனக்குழப்பத்துக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் போன்ற மாத்திரையால் உடம்பு விறைத்து உயிருக்கே ஆபத்து வரலாம். அதனால்தான் 'புள்ளைங்க' விஷயத்தை மறைக்காமல் சொன்னது நல்லதாயிற்று. (அம்மாவுக்கு முதலில் வெட்கம். பேய் என்று ஊர் சொல்லுமாம்!)

புதிய அடைப்புகள் வராமலிருக்க பிரஷரைக் கட்டுக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். தினமும் காலை எட்டு மணிக்கு மாத்திரை கொடுப்பது என் வேலை. செவுத்தோரம் ஒரு தட்டில் சோறு வைப்பது அம்மா வேலை.