தோலுக்கு அடியில் ஓர் ஆணி

செப்டன் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அது மன்னர் ஒருவரின் பெயரல்ல, தளபதியின் பெயருமல்ல. பிரித்தானிய அரச குதிரைப் படையில் கடமையாற்றிய ஒரு கறுப்புக் குதிரையின் பெயர். முகத்தில் வெள்ளைப் பட்டை, நான்கு கால்களிலும் வெள்ளை. பிறந்தது அயர்லாந்தில். கடிக்கத் தயங்காத குதிரை என்று லாயத்தில் கொஞ்சம் கெட்ட பெயரும் அதற்கு உண்டு.

1982 ஜூலை 20ஆம் திகதி காலை. காவல் மாற்றும் வைபவத்துக்காகக் குதிரைகள் அணிவகுத்து லண்டன் ஹைட் பார்க் வழியே போய்க்கொண்டிருந்தன. வீதியோரம் நிறுத்தப்பட்டிருந்த ஒரு காரில் ஐரிஷ் குடியரசு இராணுவம் என்ற ஆயுதக் குழு குண்டு வைத்திருந்தது. குண்டோடு ஆணிகளையும் நிரப்பியிருந்தார்கள். நான்கு படையினர் உயிரிழந்தார்கள். ஏழு குதிரைகள் மாண்டன. மனிதர்களின் சண்டையில் குதிரைகளுக்கு என்ன பங்கு என்று கேட்கத் தோன்றுகிறது. இந்தக் கேள்வி அன்று பிரித்தானியாவெங்கும் கேட்கப்பட்டது.

செப்டனுக்கு அப்போது 19 வயது. அதன் உடம்பில் 34 காயங்கள். கழுத்திலிருந்த பெரிய இரத்தக் குழாய் அறுந்திருந்தது. சட்டையொன்றைக் கழற்றிக் காயத்தில் திணித்து அழுத்திப் பிடித்துத்தான் இரத்தத்தை நிறுத்தினார்கள். படைப்பிரிவின் மிருக வைத்தியர் நோயல் கார்டிங் உடனடியாகச் சிகிச்சையைத் தொடங்கினார். அறுவைச் சிகிச்சை எட்டு மணித்தியாலங்கள் வரை நீடித்தது. பிழைப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புத்தான் என்றார்கள். ஆனால் செப்டன் பிழைத்தது. சில மாதங்களில் கடமைக்கும் திரும்பியது. அதே வீதியால் பலமுறை நடந்து போனது. மக்கள் அனுப்பிய நன்கொடை ஆறு இலட்சம் பவுணைத் தாண்டியது. அந்தப் பணத்தில் லண்டன் அரச மிருக வைத்தியக் கல்லூரியில் ஓர் அறுவைச் சிகிச்சைப் பிரிவு கட்டப்பட்டது. 1984இல் ஓய்வு பெற்ற செப்டன், 1993இல் தனது 30ஆவது வயதில் இறந்தது. குதிரைக்கு அது நல்ல ஆயுள்.

செப்டனின் உடலுக்குள் என்ன புகுந்திருக்கிறது என்பது வைத்தியருக்குத் தெரிந்திருந்தது. அது இரும்பு. இரும்பு எக்ஸ்ரே படத்தில் பளிச்சென்று தெரியும். இந்த விடயத்தில் செப்டன் அதிர்ஷ்டசாலி என்றே சொல்லவேண்டும். உலகில் குதிரைகளின் தோலுக்குள் நாளாந்தம் புகுபவை பெரும்பாலும் குண்டு ஆணிகளல்ல. வேலிப் பலகையின் சிராய், முள், குச்சி ஆகியவையே. மிரண்டு ஓடும் குதிரை மரவேலியில் மார்பை மோதிக்கொள்ளும். பலகை உடைந்து, ஒரு துண்டு உள்ளே போய்விடும். வெளியே தெரிவது சின்னஞ்சிறு துவாரம். உரிமையாளர் கழுவி மருந்து போடுகிறார். நான்கைந்து நாளில் தோல் மூடிக்கொள்கிறது. அவரும் நிம்மதியடைகிறார்.

இரண்டு வாரத்தில் அந்த இடம் வீங்கும். பிறகு உடைந்து சீழ் வடியும். அன்டிபயோட்டிக் கொடுத்தால் காய்ந்துவிடும். மருந்தை நிறுத்தினால் மீண்டும் வடியும். இப்படி மாதக் கணக்கில் போகலாம். நம் பெரியவர்கள் இதைப் 'புரையோடிய புண்' என்று சொல்வார்கள். மிகப் பொருத்தமான சொல்! மேலே சிறு வாய், உள்ளே நீண்ட குழாய், அதன் அடியில் அந்த மரத்துண்டு. மருந்து இரத்தத்தின் வழியே வருகிறது. மரத்துண்டுக்குள் இரத்தம் ஓடுவதில்லை. ஆகவே அதற்குள் குடியிருக்கும் கிருமியை மருந்து எட்டுவதேயில்லை.

எக்ஸ்ரேயிலும் மரம் சாதாரணமாகத் தெரியாது. படத்தைப் பார்த்துவிட்டு "உள்ளே ஒன்றுமில்லை" என்று முடிவு செய்வது இதனால்தான் ஆபத்து. ஒலியலை ஸ்கேனில் மரம் ஒரு வெள்ளைக் கோடாகவும் அதன் பின்னால் நிழலாகவும் தெரியும். இன்னொன்றையும் கவனியுங்கள். சீழ் தாழ்வான இடம் தேடி ஓடும். எனவே வடியும் வாய்க்கு நேரே உள்ளேதான் பொருள் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. அது ஒரு சாண் தள்ளியும் இருக்கலாம்.

அறுத்துத் தேடி எடுப்பதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை. அரபுக் கல்லூரியில் ஓதிய எங்களுக்கு இங்கே ஒரு சொல் நினைவுக்கு வரும். மிருக வைத்தியருக்கு அரபியில் 'பைதார்' என்று பெயர். இச்சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது என்பது ஆய்வாளர் கருத்து. அரபு அகராதிக்காரர்களோ, பிளத்தல், கட்டியைக் கீறுதல் என்று பொருள்படும் 'பதர' என்ற வினையோடு இதை இணைக்கிறார்கள். கீறி விடுபவரே வைத்தியர்! அப்பாஸிய கலீபாக்களின் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், இப்னு அகீ ஹிஸாம் என்பவர் குதிரைகளின் பயிற்சியையும் வைத்தியத்தையும் பற்றி நூல் எழுதினார். 14ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் சுல்தான் நாஸிர் முஹம்மதிடம் கடமையாற்றிய அபூபக்ர் அல்பைதாரும் பெரிய நூலொன்றைத் தந்தார். பைதார் என்ற சொல் ஸ்பெயினுக்கும் போய் அங்கே 'அல்பேய்தார்' ஆனது.

அப்படியானால் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் எடுத்தே ஆகவேண்டுமா? இல்லை. உடம்பில் ஷெல் துண்டோடு பல வருடங்களாக நடமாடும் மனிதர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். உலோகத்தைச் சுற்றி உடல் ஓர் உறையைக் கட்டி அதை அடக்கி வைத்துவிடுவதுண்டு. இன்று பல நாடுகளில் குதிரையின் கழுத்தில், இடப்பக்கம், பிடரிமயிருக்குச் சற்றுக் கீழே, அரிசியளவான மைக்ரோசிப் ஒன்றை ஊசியால் செலுத்துகிறார்கள். இங்கிலாந்தில் 2020 முதல் இது எல்லாக் குதிரைகளுக்கும் கட்டாயம். கிருமி நீக்கிய கண்ணாடிக் குப்பிக்குள் இருப்பதால் அது ஆயுள் முழுதும் தொந்தரவின்றிக் கிடக்கிறது. புகுந்த பொருளின் பருமனைவிட அது கூட்டிவந்த அழுக்கே பெரிய விடயம் என்பது இதிலிருந்து விளங்கும்.

குளம்பில் ஏறும் ஆணி தனிக் கதை. குளம்பின் அடியில் நடுவே முக்கோணமாக ஒரு மென்மையான பகுதி உண்டு. ரப்பர் போன்றது. அதில் ஆணி ஏறினால் நம் கை தானாகவே அதைப் பிடுங்கப் போகும். பொறுங்கள்! வைத்தியர் விரைவில் வரக்கூடியவராக இருந்தால் ஆணியை அப்படியே விட்டு எக்ஸ்ரே எடுப்பதே சிறந்தது. அது எந்தத் திசையில், எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, உள்ளே இருக்கும் மூட்டையோ தசைநாரையோ தொட்டிருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். மூட்டுக்குள் கிருமி போனால் குதிரையின் உயிருக்கே ஆபத்து. ஆணியைப் பிடுங்கிவிட்டால் அந்த மென்மையான பகுதி துவாரத்தை மூடிக்கொள்ளும், பிறகு இடத்தைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். வைத்தியர் வரும் வரை ஆணி இன்னும் உள்ளே போகாதபடி பக்கத்தில் மரக்கட்டை வைத்துக் கட்டி, குதிரையை நடக்கவிடாமல் நிறுத்த வேண்டும். பிடுங்கியே தீரவேண்டிய நிலை வந்தால், புகுந்த இடத்தை அடையாளமிட்டு, ஆணியின் திசையைப் பார்த்து வைத்துக்கொண்டு, அந்த ஆணியையும் வைத்தியரிடம் கொடுக்க வேண்டும்.

மூடிய காயத்தில் இன்னொரு பயமும் உண்டு. ஏற்புவலிக் கிருமி மண்ணிலும் குதிரைச் சாணத்திலும் இருப்பது. காற்றுப் படாத இடத்தில்தான் அது பெருகும். ஆழமாகக் குத்தி மேலே மூடிக்கொண்ட காயம் அதற்குக் கட்டிக் கொடுத்த வீடு. வளர்ப்பு மிருகங்களில் ஏற்புவலிக்கு மிக இலகுவில் பலியாவது குதிரைதான். முதலில் நடை விறைக்கும். வாலைச் சற்றுத் தூக்கிப் பிடிக்கும். காது நிமிர்ந்தபடியே நிற்கும். கண்ணின் உள்மூலையிலுள்ள மூன்றாவது இமை கண்ணை மறைத்து வரும். தாடை இறுகித் தீன் தின்ன முடியாமல் போகும். இந்த நிலைக்கு வந்த குதிரைகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. தடுப்பூசி இருக்கிறது. நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு ஊசி, அதன் பின்னர் குறித்த காலத்தில் மேலதிக ஊசி. ஊசி போடாத குதிரைக்கு ஆணி குத்தினால், குத்திய அன்றே வைத்தியரிடம் அதைச் சொல்லி நச்சு முறி ஊசி கேட்க வேண்டும். காயம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் சரி.