மைக்கறை, எலுமிச்சைச் சாறு, அகராதி: மனுஷ குணத்தை இப்படியெல்லாம் அளந்தார்கள், தெரியுமா?

சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் ஊரில் பள்ளிக்கூடம் போன ஒரு பையனுக்குக் கூட்டாளிகள் வைத்த பட்டப்பெயர் என்ன தெரியுமா? 'மைக்கறை'! தாளில் மையைச் சொட்டி, நடுவில் மடித்து அழுத்திப் பிரித்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல ஓர் உருவம் வருமே, அந்த விளையாட்டில் அவனுக்கு அத்தனை பித்து. அப்பா ஓவிய ஆசிரியர். பையன் வளர்ந்து மனநல மருத்துவரானான். அவர்தான் ஹெர்மன் ரோர்ஷாக். பட்டப்பெயர் வாங்கித் தந்த அதே விளையாட்டை வைத்து, மனிதரின் ஆளுமையைக் கண்டறிய ஒரு சோதனையையே உருவாக்கி 1921-ல் புத்தகமாகப் போட்டார்!

மொத்தம் பத்தே அட்டைகள். ஐந்து கறுப்பு, இரண்டு கறுப்பும் சிவப்பும், மூன்று பலவண்ணம். இது என்னவாக இருக்கும் என்று கேட்பார்கள், அவ்வளவுதான். நீங்கள் வௌவால் என்கிறீர்களா, பட்டாம்பூச்சி என்கிறீர்களா என்பதைவிட, கறையை முழுசாகப் பார்த்தீர்களா, ஒரு மூலையை மட்டும் பார்த்தீர்களா, உருவம் அசைவதுபோலத் தெரிந்ததா, நிறம் கண்ணை இழுத்ததா என்பதைத்தான் ரோர்ஷாக் முக்கியமாகக் கவனித்தார். இன்னொரு அதிசயம் கேளுங்கள். அவர் வரைந்த கறைகளில் கறுப்பு ஒரே சீராகத்தான் இருந்தது. அச்சில்தான் அது திட்டுத்திட்டாக, அடர்ந்தும் வெளிறியும் விழுந்தது. 'இதுவும் நல்லதுதான், மனிதர்கள் இன்னும் பல உருவங்களைக் காண்பார்கள்' என்று அதையே ஏற்றுக்கொண்டார்! மறு ஆண்டு ஏப்ரலில் குடல்வால் வெடித்து இறந்தபோது அவருக்கு வயது 37. தன் சோதனை உலகம் சுற்றியதை அவர் பார்க்கவே இல்லை. 1945-ல் நியூரம்பர்க் சிறையில் இருந்த கோரிங் முதலான நாஜித் தலைவர்களின் கையிலும் இதே பத்து அட்டைகளைக் கொடுத்து என்ன தெரிகிறது என்று கேட்டார்கள்!

வெற்று அட்டையைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள் என்றால் நம்புவீர்களா? ஹார்வர்டில் 1935-ல் கிறிஸ்டியானா மார்கனும் ஹென்றி மர்ரேவும் அறிமுகப்படுத்திய படக்கதைச் சோதனையில் அப்படி ஒரு வெள்ளை அட்டை உண்டு. நம் நாட்டில் ராணுவ அதிகாரிப் பணிக்கான எஸ்.எஸ்.பி. தேர்வுக்குப் போய்வந்த பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். திரையில் கடைசியாக வந்து நின்ற வெற்றுப் படத்தை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆம், இல்லை என்று டிக் அடிக்கிறோமே, அந்த வினாத்தாள் முறை எங்கே பிறந்தது தெரியுமா? போர்க்களத்துக்காக! முதல் உலகப் போரில் குண்டுச் சத்தத்தில் நிலைகுலைந்துபோன சிப்பாய்கள் ஏராளம். அப்படி உடைந்துபோகக்கூடியவர்களை முன்கூட்டியே கண்டுபிடிக்க அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் உட்வர்த் 116 கேள்விகள் தயாரித்தார். அதைப் பயன்படுத்துவதற்குள் போரே முடிந்துவிட்டது! அவருக்குப் பின் மினசோட்டாவில் பிறந்த எம்.எம்.பி.ஐ. சோதனை இன்னும் சாமர்த்தியமானது. அதன் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பில் 567 வாசகங்கள். நடுநடுவே பொய்யைப் பிடிக்கும் பொறிகள்! தனக்குக் கோபமே வந்ததில்லை என்கிற ரீதியில் ஒருவர் பதில் சொல்லிக்கொண்டே போனால், 'ஐயா தன்னை ரொம்ப நல்லவராகக் காட்டிக்கொள்கிறார்' என்று தாள் காட்டிக்கொடுத்துவிடும்.

எலுமிச்சைச் சாறு கூட விட்டுவைக்கப்படவில்லை! நான்கு சொட்டு நாக்கில் விட்டு, ஊறும் எச்சிலை எடை போட்டார் உளவியலாளர் ஹான்ஸ் ஐசென்க். கலகலப்பானவர்களைவிட ஒதுங்கி இருப்பவர்களுக்குச் சராசரியாக அதிகம் ஊறியது. அமைதியானவர்களின் மூளை சின்னத் தூண்டலுக்கே விழித்துக்கொள்ளும் என்ற தன் கோட்பாட்டுக்கு அதை அவர் சான்றாகக் காட்டினார்.

என்னை அசர வைத்த கதை வேறு. 1920-ல், 22 வயது அமெரிக்க இளைஞர் கோர்டன் ஆல்போர்ட் வியன்னாவில் சிக்மண்ட் ஃபிராய்டைப் பார்க்கப் போனார். உள்ளே போனால் ஃபிராய்ட் பேசவில்லை. சங்கடம் தாங்காமல், வரும் வழியில் டிராமில் பார்த்த ஒரு நாலு வயதுப் பையனைப் பற்றி ஆல்போர்ட் சொன்னார். அவனுக்கு எதைத் தொட்டாலும் அழுக்கு என்ற பயம். கேட்டு முடித்த ஃபிராய்ட், அந்தப் பையன் நீங்கள்தானா என்று பரிவோடு கேட்டார்! இளைஞர் திகைத்துப்போனார். ஆழத்தைத் தோண்டுகிற அவசரத்தில் கண்ணெதிரே தெரிவதைக் கோட்டை விட்டுவிடலாம் என்ற பாடம் அவருக்கு ஆயுள் முழுக்க நின்றது.

பிறகு மனித குணங்களை அவர் எங்கே தேடினார் தெரியுமா? அகராதியில்! மனிதர்கள் காலங்காலமாக ஒருவரையொருவர் கவனித்துப் பெயர் சூட்டியிருப்பார்கள். முக்கியமான குணம் எதுவானாலும் மொழியில் அதற்கு ஒரு சொல் இருந்தே தீரும் என்பது அவர் எண்ணம். ஆல்போர்ட்டும் ஹென்றி ஒட்பர்ட்டும் வெப்ஸ்டர் அகராதியைப் பக்கம் பக்கமாகச் சலித்தார்கள். 1936-ல் வெளியிட்ட பட்டியலில் 17,953 சொற்கள்! நிலையான குணங்களைச் சொல்பவை மட்டும் 4,504. உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் அவற்றை 171-ஆகச் சுருக்கி, கடைசியில் 16 காரணிகளில் கொண்டுவந்து நிறுத்தினார். 1961-ல் அமெரிக்க விமானப்படைக்காக டியூப்ஸ், கிறிஸ்டல் என்ற இருவர் கணக்குப் போட்டபோது மிஞ்சியவை ஐந்தே ஐந்து: புதியதை நாடும் மனம், பொறுப்பு, கலகலப்பு, இணக்கம், மனத் தத்தளிப்பு. அந்த அறிக்கை வெகுகாலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. இன்று ஆளுமை ஆய்வின் முதுகெலும்பே அந்த ஐந்துதான்! ஃபேஸ்புக்கில் ஒருவர் போட்ட 'லைக்'குகளைக் கொண்டு இந்த ஐந்தையும் கணினியால் கணிக்க முடிகிறது. 300 லைக் போதும், வாழ்க்கைத் துணையைவிட நன்றாகக் கணிக்கிறது என்று 2015-ல் வந்த ஆய்வு சொல்கிறது.

ஆனால் ஏமாறவும் நமக்கு வெகு நேரம் ஆகாது. 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்குச் சோதனை வைத்து, ஆளுக்கொரு குணக்குறிப்பு கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26! அப்புறம்தான் குட்டு உடைந்தது. எல்லார் கையிலும் இருந்தது ஒரே குறிப்பு, அதுவும் கடையில் விற்ற ஜோதிடப் புத்தகத்திலிருந்து பொறுக்கிய வாக்கியங்கள்! வெளியில் தைரியம், உள்ளுக்குள் தயக்கம் என்று சொன்னால் யார்தான் இல்லை என்பார்கள்?

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் ஆறு தொகுதிகளும் நிறைவடைந்தது எந்த ஆண்டு தெரியுமா? ஆல்போர்ட்டின் பட்டியல் வந்த அதே 1936! லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில். நம் பேச்சில் புழங்கும் சொற்களைப் பாருங்கள்: கல்லுளிமங்கன், ஊமைக்குசும்பன், வெள்ளந்தி, சிடுமூஞ்சி, ஓட்டைவாய், பயந்தாங்கொள்ளி... ஒவ்வொன்றும் ஒரு முழு மனிதரை நம் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறதே! உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயில் இப்படி எத்தனை சொல் புழங்குகிறது? அகராதி ஏறாதவையும் இருக்கும். இன்று இரவே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து எழுதத் தொடங்குங்கள்.