மணல் நகர்ச்சிச் சூத்திரங்களும் கால்வாய்ப் பரிசோதனையும்

ஆறு நீரை மாத்திரம் கொண்டு செல்வதில்லை. மலையிலிருந்து கல்லையும் மணலையும் உருட்டிக்கொண்டே சமவெளியை அடைகின்றது. இவ்வாறு உருண்டு வருவதன் அளவை அறியாது அணை கட்டினால் நீர்த்தேக்கம் எதிர்பாராத விரைவில் தூர்ந்துவிடும். கரை எழுப்பினால் ஆற்றுப்படுக்கை உயர்ந்து வெள்ளம் கரை கடக்கும். ஆதலின், அவ்வளவைக் கணித்தறியும் சூத்திரங்களைப் பொறியியலார் நாடினர்.

பெருவெள்ளத்தின் அடியில் உருளும் கல்லை ஆற்றிலேயே அளத்தல் மிக அரிது. எனவே ஆய்வுகூடத்தில் நீண்ட செயற்கைக் கால்வாய் ஒன்றை அமைத்து, அதன் அடியில் மணலைப் பரப்பி, நீரைப் பாய்ச்சுவர். ஓட்டம் நிலைபெற்றபின் மேல்முனையில் இடப்படும் மணலின் நிறையும் கீழ்முனையில் வெளியேறும் மணலின் நிறையும் சமமாகும். நீரின் ஆழத்தையும் சாய்வையும் கொண்டு, அடித்தளத்தை நீர் இழுக்கும் விசையைக் கணிப்பர். அமெரிக்கப் புவிச்சரிதவியல் அறிஞர் கில்பேட் கலிபோர்ணியாவில் நடத்திய இத்தகைய பரிசோதனைகளின் முடிவுகள் 1914இல் வெளிவந்தன.

சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் ஆய்வு நடத்திய மேயர்-பீற்றர், முல்லர் என்போர் 1948இல் வெளியிட்ட சூத்திரம் பெரும்புகழ் பெற்றது. மணியின் பருமனுக்கும் நிறைக்கும் ஏற்ப இழுவிசையை ஓர் எண்ணாக்கி, அதிலிருந்து 0.047ஐக் கழித்து, எஞ்சியதை 1.5 என்னும் அடுக்கிற்கு உயர்த்தி, 8ஆற் பெருக்க வேண்டும் என்பது அதன் சாரம். கழிக்கப்படும் எண், மணி அசையத் தொடங்கும் எல்லையைக் குறிப்பதாகும். படுக்கையில் எழும் மணல்மேடுகள் இழுவிசையின் ஒரு பங்கைக் கவர்ந்துகொள்ளும் எனக் கருதி, அப்பங்கையும் அவர்கள் முன்னதாகவே நீக்கினர்.

2006இல் வொங், பாக்கர் என்னும் இருவர், அவர்கள் பயன்படுத்திய அளவுகளையே மீண்டும் ஆராய்ந்தனர். அப்பரிசோதனைகளில் படுக்கை மேடின்றிச் சமமாயிருந்தமையால் அந்நீக்கம் தேவையற்றது என்பது புலனாயிற்று. நீக்காது கணித்தபோது, அதே அளவுகளுக்கு 8 பொருந்தவில்லை, 3.97உம், எல்லையெண்ணாக 0.0495உம் பொருந்தின. ஆகவே, சமமான படுக்கைக்குப் பழைய சூத்திரத்தை நீக்கமின்றி வழங்கியோர், உண்மையான அளவின் இருமடங்கிற்கும் மேலாகவே கணித்து வந்தனர்.

அளவுகள் பிழைபடவில்லை; அவற்றோடு சேர்த்துக்கொண்ட கருத்தே பொருந்தாதிருந்தது. பரிசோதனை அளவுகள் முழுமையாகப் பேணப்பட்டிருந்தமையாலேயே ஏறத்தாழ அறுபது ஆண்டுகளின் பின்னரும் அதைத் திருத்த முடிந்தது. கால்வாயிற் பொருந்திய சூத்திரமும், பலவகைப் பருமனுள்ள கற்கள் கலந்து கிடக்கும் ஆற்றில் மீண்டும் சோதிக்கப்படல் வேண்டும். ஆயினும், கால்வாயிலேயே பொருந்தாத சூத்திரத்தை நம்பி ஆற்றிற் கரையெழுப்புதல் தகாது.